தண்டலின் சான்றிதழ்

சென்ற ஆடி மாதத்தில் ஒரு மாலை, என் பழைய மாணவர் ஒருவர் ஏர்வாடியிலிருந்து என்னைக் காண வந்திருந்தார். கணினி அறிவியல் படித்தவர். முதலிரண்டு ஆண்டு மொழிப்பாடத் தமிழை என்னிடம் கேட்டவர். படிப்பு முடிந்து நான்கு ஆண்டுகளாகக் கீழக்கரையில் ஒரு கடையில் வேலை. கணினி பழுது பார்ப்பதில் தொடங்கி, இப்போது சிறு அலுவலகங்களுக்கு வலைப்பின்னல் அமைத்துத் தருகிறார். வளைகுடாவில் ஒரு வேலைக்கு முயன்றிருக்கிறார். நேர்முகம் வரைகூடப் போகவில்லை. இன்ன நிறுவனத்தின் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டார்களாம். இல்லை என்றதும் கோப்பை மூடிவிட்டார்களாம்.

"நாலு வருசமா கை வச்சுப் பாத்த வேலை சார். அதைக் கணக்குலயே எடுக்க மாட்டேங்குறாங்க. கேள்வி பதிலை மூணு மாசம் மனப்பாடம் பண்ணிப் பாஸானவனுக்கு விசா வந்துருச்சு. நானும் கடன் வாங்கிப் பணம் கட்டிப் பரீட்சை எழுதட்டுமா, வேணாமா?"

கணினியில் தட்டச்சு செய்வதற்கு அப்பால் எனக்கு ஒன்றும் தெரியாது. எனவே பேச்சை மாற்றி வீட்டைப் பற்றி விசாரித்தேன். வாப்பா இன்னும் சங்கு குளிக்கப் போகிறார் என்றார். பாட்டனார் தூத்துக்குடித் தோணியில் தண்டலாக இருந்தவராம். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய் விரித்துப் போய் வந்தவர். "அவருக்கு என்ன சர்டிபிகேட் இருந்துச்சு?" என்று அவரே சிரித்துக்கொண்டு கேட்டார். அந்தக் கேள்வி என்னிடம் தங்கிவிட்டது. இக்கட்டுரை அதன் பின்னால் போனதன் விளைவு.

ஏர்வாடி கீழக்கரைக்கு மேற்கே மன்னார் வளைகுடாவின் ஓரத்தில் உள்ள ஊர். கரையிலிருந்து கண்ணுக்கெட்டும் தொலைவில் தீவுகள். தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையிலான அந்த இருபத்தொரு தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவாயின. தீவுகளைச் சுற்றிலும் பவளப்பாறை. தெரியாதவன் படகு கொண்டுபோனால் அடிப்பலகை மிஞ்சாது. இந்தக் கடலின் அடியை முதலில் வரைபடமாக்கியவர்கள் அதிகாரிகள் என்று நினைப்போம். ஆனால் பழைய அரசாங்க அறிக்கைகளைப் புரட்டினால் முத்துச்சிப்பி விளையும் இடங்களுக்கெல்லாம் 'பார்' என்ற தமிழ்ச்சொல்லையே ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறார்கள். 'தொள்ளாயிரம் பார்' என்ற பெயர் அப்படியே ஆங்கில எழுத்தில் நிற்கிறது. சென்னை மாகாண மீன்வளத் துறைக்குத் தலைமை வகித்த ஜேம்ஸ் ஹார்னல் 1914இல் சங்கைப் பற்றித் தனி நூலே எழுதினார். அந்த அறிவியலுக்கு அடியில் சங்கு குளிப்பவர்களின் சொற்கள் இருக்கின்றன. சின்ன ஏர்வாடிப் பெண்கள் பாசி எடுக்கப் போகிறவர்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று அவர்கள் பிரித்துச் சொல்வதைத்தான் தாவரவியலார் இலத்தீனில் வேறு வேறு இனங்களாகக் குறிக்கிறார்கள். பெயரிடும் அளவுக்கு ஒன்றை அறிந்தவருக்கு அதை அறிந்தவர் என்று எழுதித்தர யாரும் இருந்ததில்லை.

தண்டலுக்கு வருவோம். தோணியின் தலைவர் அவர். ஈழத்து வல்வெட்டித்துறையில் தண்டையல் என்பார்கள். நம் பழைய இலக்கியம் மீகாமன் என்றும் மீகான் என்றும் சொல்லும். இன்று நாம் சாதாரணமாக வழங்கும் 'மாலுமி' என்ற சொல்லோ அரபியிலிருந்து வந்தது, மூலச்சொல் 'முஅல்லிம்'. அரபியில் அதற்குப் பொருள் ஆசிரியர். இந்தச் செய்தியைப் படித்தபோது தமிழாசிரியன் என்ற முறையில் எனக்கு அற்ப மகிழ்ச்சி ஏற்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. சுக்கான் என்ற சொல்லும் அரபியே. மரக்காயர்களின் கப்பல்கள் வழியாக வந்த சொற்கள் இவை.

தண்டலின் கல்வி எப்படிப்பட்டது? பத்துப் பன்னிரண்டு வயதில் தோணியில் சமையலுக்கு உதவியாக ஏறுவான் ஒரு பையன். பாய் கட்டுவான், நீர் இறைப்பான், சுக்கான் பிடிப்பான். வாடை எப்போது எழும், கச்சான் எப்போது ஓயும், சோழகத்தில் எந்தத் துறைக்குள் ஒதுங்கலாம் என்பதெல்லாம் உடம்பில் ஏறும். கயிற்றில் ஈயக்குண்டை இறக்கி எத்தனை பாகம் ஆழம் என்று சொல்வான். குண்டின் அடியில் ஒட்டிவரும் மண்ணைப் பார்த்து எந்த இடத்தில் இருக்கிறோம் என்று கணிப்பான். இருபது ஆண்டுகள் கழித்து ஒருநாள் தோணி முதலாளி அவனை அழைத்துத் தோணியை ஒப்படைப்பார். அந்த ஒப்படைப்புதான் பட்டமளிப்பு விழா. முதலாளிக்கு அவனைத் தெரியும். அவன் எந்தப் புயலில் என்ன செய்தான் என்று துறைமுகம் முழுவதற்கும் தெரியும். எழுதி வைக்க ஒன்றுமில்லை.

கப்பல் ஓட்டுபவனுக்குச் சான்றிதழ் வேண்டும் என்ற கட்டாயம் இங்கிலாந்திலேயே பிற்காலத்தது. 1836இல் அந்நாட்டு நாடாளுமன்றக் குழு ஒன்று கப்பல் விபத்துகளை ஆராய்ந்தது. கப்பல் தலைவர்களின் அறியாமையும் குடிப்பழக்கமும் முக்கியமான காரணங்கள் என்றது. விரும்பியவர் எழுதலாம் என்று முதலில் தேர்வு வந்தது. பிறகு 1850இல் வணிகக் கப்பல் சட்டம், அயல்நாடு செல்லும் கப்பல்களின் தலைவர்களும் துணைவர்களும் சான்றிதழ் பெற்றே ஆகவேண்டும் என்று விதித்தது. காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. இலண்டனில் உட்கார்ந்து சரக்குக்குக் காப்பீடு எழுதுகிறவனுக்குக் கப்பல் தலைவனைத் தெரியாது. அவன் ஊரும் தெரியாது. அவன் எந்தப் புயலில் என்ன செய்தான் என்று சொல்லத் துறைமுகமும் அருகில் இல்லை. முன்பின் அறியாதவர்கள் ஒருவரையொருவர் நம்பியாக வேண்டிய அளவுக்கு வணிகம் பெருத்தபோது தாள் தேவைப்பட்டது.

அந்தச் சட்டத்தில் இரண்டு நுட்பங்கள் உண்டு. நான் வியந்தது அவற்றைக் கண்டுதான். முதலாவது, ஏற்கெனவே கப்பல் நடத்திக்கொண்டிருந்தவர்களை அது தேர்வுக் கூடத்துக்கு இழுக்கவில்லை. அவர்களுக்கென்று 'பணிச் சான்றிதழ்' என ஒன்று தனியாக வைத்தது. புதிதாக வருபவர்களுக்கே தேர்வு. அது 'தகுதிச் சான்றிதழ்'. இரண்டாவது, தேர்வும் எடுத்த எடுப்பில் எழுதக்கூடியதாக இல்லை. இரண்டாம் துணைவனுக்கான தேர்வில் உட்காரவே வயது பதினேழு ஆகியிருக்க வேண்டும்; அதற்குள் நான்கு ஆண்டுகள் கடலில் கழித்திருக்க வேண்டும். தலைவனாவதற்கு வயது இருபத்தொன்று, கடலில் ஆறாண்டு. கடலைக் காணாதவன் அந்தத் தாளைத் தொடவே முடியாது. சான்றிதழா அனுபவமா என்று இன்று நாம் எதிரெதிராக நிறுத்திப் பேசுகிறோம். அதை முதலில் கட்டாயமாக்கியவர்கள் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை.

ஆனால் இந்த நியாயம் நம் கரை வரை வரவில்லை. தோணி அந்தச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே கிடந்தது. நீராவிக் கப்பல்கள் வந்து பாய்மரத்தின் வருவாயைத் தின்றபோது, தோணியில் தலைவனாக இருக்கக் கூடியவர்கள் நீராவிக் கப்பலில் 'லஸ்கர்' என்ற பொதுப்பெயரில் கடைநிலைப் பணியாட்களாக ஏறினார்கள். ஊதியம் வெள்ளை மாலுமியின் ஊதியத்தில் ஒரு சிறு பங்கு. அவர்களின் இருபதாண்டுக் கடலுக்குப் பணிச் சான்றிதழ் எழுதித்தர எவரும் முன்வரவில்லை. வணிகக் கப்பல் அதிகாரிகளாக இந்திய இளைஞர்களைப் பயிற்றுவதற்கென்று 'டஃப்ரின்' என்ற பயிற்சிக் கப்பல் மும்பையில் தொடங்கியது 1927இல்தான். அதாவது 1850க்குப் பின் எழுபத்தேழு ஆண்டுகள்.

இதற்கிடையில் ஒரு காட்சி. 1930இல் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி அம்மாள்' என்ற பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கினார். 1938இல் அது மாசசூசெட்சிலுள்ள குளோஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றது. கப்பலின் தலைமை ஓர் அமெரிக்கரிடம் இருந்தது. பாயும் கயிறும் பிடித்து அதைக் கடல் கடத்தியவர்கள் வல்வெட்டித்துறைத் தமிழர்கள். ஈழத்து நண்பர்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது குரல் சற்று உயரும். உயரட்டும்.

கடலிலிருந்து தமிழுக்குத் தாவுகிறேனே என்று எண்ண வேண்டாம். இரண்டையும் ஒரே மனிதர் இணைக்கிறார். 1906இல் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது அதன் தலைவராக இருந்தவர் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர், இராமநாதபுரம் சேதுபதி குடும்பத்தைச் சேர்ந்தவர். அதற்கு ஐந்தாண்டு முன்பு, 1901இல், மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவரும் அவரே. அந்தச் சங்கம் நூலகமும் அச்சுக்கூடமும் நடத்தியதோடு, பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று படிப்படியான தேர்வுகளையும் நடத்தியது. தமிழ் கற்றவன் என்பதற்குத் தாள் கிடைக்கத் தொடங்கியது.

அதற்கு முன் தமிழ்ப்புலமை தண்டலின் கல்வியைப் போலத்தான் இருந்தது. உ.வே.சாமிநாதையரின் கதை நம் வாசகர்களுக்குத் தெரிந்ததே. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் பாடம் கேட்டது ஏறத்தாழ ஐந்தாண்டு; பட்டம் எதுவும் இல்லை. 1880இல் கும்பகோணம் கல்லூரியிலிருந்து தியாகராச செட்டியார் ஓய்வு பெறும்போது தம் இடத்துக்கு அவரைப் பரிந்துரைத்தார். செட்டியாரும் அதே பிள்ளையின் மாணவர். இந்த இளைஞருக்கு என்ன தெரியும் என்று அவருக்குத் தெரியும். அந்தச் சொல் போதுமானதாக இருந்தது. பின்னால் 1887இல் சீவகசிந்தாமணிப் பதிப்பு வந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் தந்தது 1932இல். தாள் வேலைக்கு ஐம்பத்திரண்டு ஆண்டு பிந்தி வந்து சேர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனுக்கு 1926 முதல் பதிப்பாசிரியராக இருந்த வையாபுரிப் பிள்ளை சட்டம் படித்தவர். அதில் பல்லாண்டு உழைத்த மு.இராகவையங்கார் சேது நாட்டுப் புலமை மரபில் வளர்ந்தவர்.

இன்று உ.வே.சா. விண்ணப்பித்தால் முதல் சுற்றிலேயே நிராகரிக்கப்படுவார் என்று இலக்கியக் கூட்டங்களில் சொல்லிக் கைதட்டு வாங்குவது வழக்கம். நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது அதைச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. 1880இல் ஏர்வாடிக் கரையில் ஒரு மீனவர் வீட்டுப் பையனுக்குத் தமிழில் அபாரமான நினைவாற்றல் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அவன் எந்த மடத்துக்குள் போயிருப்பான்? எந்தச் செட்டியார் அவனைப் பரிந்துரைத்திருப்பார்? அறிந்தவர் சொல் அறிந்தவர் வட்டத்துக்குள்தான் சுற்றும். என் தந்தை கருவாட்டு வியாபாரி. எனக்காக ஒரு வார்த்தை சொல்ல எந்தக் கல்லூரியிலும் ஆள் இல்லை. முதுகலையும், இரண்டாம் முயற்சியில் தேறிய தகுதித் தேர்வும்தான் என்னை வகுப்பறைக்குள் கொண்டுபோய் நிறுத்தின. வகுப்பு எடுக்கக் கற்றுக்கொண்டது என்னவோ அதற்குப் பிறகுதான். முதல் ஆண்டு என்னிடம் படித்த மாணவர்களிடம் இன்றும் மன்னிப்புக் கேட்கலாம். என்றாலும் யாரும் அறியாத ஒருவன் உள்ளே வருவதற்கு அந்தத் தாள் வழி திறந்தது. அதை இகழ எனக்கு உரிமை இல்லை.

அனுபவம் என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், அதுவும் ஏர்வாடியை வைத்துப் பேசும்போது. வெளியூரார்க்கு ஏர்வாடி என்றால் சுல்தான் சையது இப்ராகிம் ஷஹீது தர்கா. மனநோய் தீரும் என்ற நம்பிக்கையில் நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் அங்கே வருவார்கள். அவர்களைத் தங்கவைக்கத் தனியார் காப்பகங்கள் பெருகின. நடத்தியவர்களிடம் மருத்துவப் படிப்பு இல்லை. பல ஆண்டுகளாக நோயாளிகளோடு இருந்த பழக்கம் இருந்தது. அந்தப் பழக்கம் அவர்களுக்குக் கற்றுத்தந்தது சங்கிலி. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியுமுன் அத்தகைய காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகையில் தீப்பிடித்தது. கட்டிப்போடப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. இருபத்தெட்டுப் பேர் இறந்தார்கள். உரிமம் இல்லாமல் மனநலக் காப்பகம் நடத்தக்கூடாது என்ற சட்டம் 1987இலேயே இயற்றப்பட்டது. 1993 முதல் நடைமுறையில் இருந்தது. உரிமம் கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. தீக்குப் பிறகு ஒரு வார காலத்தில் காப்பகங்கள் மூடப்பட்டன. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்புக்கு மாற்றப்பட்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. எந்த வடிவிலும் சங்கிலியிடுதல் ஆகாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாக எழுதிவைத்தது.

கைப்பழக்கத்தைப் போற்றிக் கட்டுரை எழுதும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தக் கொட்டகை நினைவுக்கு வருகிறது. தண்டலின் தவற்றைக் கடல் உடனே காட்டிக்கொடுக்கும். தவறு செய்தவன் தோணியோடு தானும் போவான். காப்பகக்காரரின் தவற்றைக் காட்டிக்கொடுக்க யாரும் இல்லை. துன்பப்பட்டவர்களின் சொல் ஏறாது. கேட்பாரில்லாத இடத்தில் இருபதாண்டு அனுபவம் என்பது ஒரே தவற்றை இருபதாண்டு செய்ததாகவும் இருக்கலாம்.

இப்போது என் மாணவரின் துறைக்கு வருகிறேன். விசாரித்தும் படித்தும் அறிந்துகொண்டது இது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 1992இலும், வலைப்பின்னல் கருவிகள் செய்யும் சிஸ்கோ 1993இலும் தங்கள் சான்றிதழ்களைத் தொடங்கின. சிஸ்கோவின் முதல் சான்றிதழான சி.சி.ஐ.இ. தேர்வு சுவையானது. எழுத்துத் தேர்வு நுழைவாயில் மட்டுமே. பிறகு ஆய்வகத்தில் இரண்டு நாள் உண்மையான கருவிகளோடு போராட வேண்டும். தேர்வாளர்கள் வலைப்பின்னலில் வேண்டுமென்றே கோளாறுகளை உண்டாக்கி வைப்பார்கள். கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். 2001இல் அது ஒரு நாளாகக் குறுகியது. ஆனாலும் கையைப் பார்க்கும் தேர்வுதான். கடலில் நான்காண்டு கேட்ட 1850ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இது உறவு.

மற்ற பல சான்றிதழ்கள் கொடுக்கப்பட்ட விடைகளிலிருந்து ஒன்றைத் தெரிந்தெடுக்கும் தேர்வுகளாக அமைந்தன. 1990களின் இறுதியில் கேள்விகள் திருட்டுத்தனமாகத் திரட்டப்பட்டு விற்பனைக்கு வந்தன. மனப்பாடம் செய்து தேறியவர்களைத் தொழிலில் இருப்பவர்களே 'பேப்பர் எம்.சி.எஸ்.இ.' என்று கேலி செய்தார்கள். நம்மூர் கோனார் உரையை நினைத்துக்கொண்டால் இதில் புதுமை ஒன்றுமில்லை. மைக்ரோசாப்டின் அந்த எம்.சி.எஸ்.இ. சான்றிதழ் 2021 ஜனவரியோடு வழங்கப்படுவது நின்றது. இப்போதுள்ளவை பெரும்பாலும் காலவரையறை கொண்டவை. சிலவற்றை ஆண்டுதோறும், சிலவற்றை மூன்றாண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும். இது வசூலுக்கான வழி என்று என் மாணவர் கோபப்பட்டார். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் அனுபவமும் காலாவதியாகிறது. செயற்கைக்கோள் இடங்காட்டி வந்தபின் ஈயக்குண்டைக் கயிற்றில் இறக்குபவரைக் காண்பது அரிது.

தாளைக் கேட்காமலே ஆள் எடுக்கும் முயற்சியும் தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது. ஸ்ரீதர் வேம்புவின் ஜோஹோ நிறுவனம் 2000களின் நடுவில் ஒரு பள்ளியைத் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்போ பட்டயப் படிப்போ முடித்தவர்களைத் தானே தேர்ந்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்றி, வேலையில் அமர்த்திக்கொள்கிறது, பட்டம் கிடையாது. தோணி முதலாளியின் முறைதான் இது. பையனைச் சிறு வயதில் ஏற்றிக்கொண்டு பக்கத்திலிருந்து பார்க்கிறார்கள். பார்த்தவர்களுக்குத் தாள் வேண்டாம். வளைகுடா முதலாளி என் மாணவரைப் பார்த்ததில்லை. அவருக்குக் கீழக்கரைக் கடையும் தெரியாது. இலண்டன் காப்பீட்டுக்காரனின் நிலைதான் அவருக்கு. இதில் அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. நான்காண்டு கைவேலை செய்தவனைச் சோதித்து 'இவன் செய்தவன்' என்று எழுதித்தரும் பணிச் சான்றிதழ் ஒன்று அவர் துறையில் செல்லுபடியாகும்படி இல்லை. முன்னரே கற்றதை ஏற்றுச் சான்று தரும் ஏற்பாடு ஒன்றை 2015இல் தொடங்கிய நடுவண் அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டம் வைத்திருக்கிறது. கொத்தனாருக்கும் தையற்காரருக்கும் அது போய்ச் சேர்ந்தால் நல்லதே. அயல்நாட்டு வேலைக்காரர் கேட்பது இன்ன நிறுவனத்தின் முத்திரை.

மாணவருக்கு நான் தொலைபேசியில் சொன்னது சுருக்கம்: எழுதுங்கள், ஆனால் விற்கும் கேள்வித்தாளை வாங்காதீர்கள். உங்கள் பாட்டனாருக்குக் கிடைக்காமற்போனதை இப்போது நீங்கள் பணம் கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். அவர் கடன் வாங்கவில்லை. கடையில் இரவு வேலை கூடுதலாகப் பார்த்துப் பணம் சேர்த்தார். கார்த்திகையில் தேர்வு எழுதினார். முதல் முறை தோற்றார், மிகக் குறைந்த மதிப்பெண் வேறுபாட்டில். அன்றாடம் கையால் செய்கிற வேலைக்குப் புத்தகத்தில் வேறு பெயர் இருந்ததாம். தை மாதம் இரண்டாம் முறை எழுதித் தேறினார்.

சான்றிதழை அச்சிட்டு வீட்டில் காட்டியிருக்கிறார். வாப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கீழே இருந்த கையெழுத்தில் விரலை வைத்து, "இவரு நீ வேலை செஞ்சதப் பாத்தாராடா?" என்று கேட்டாராம்.